முடிச்சை அவிழ்ப்பவர் யார்?

திரையைத் தேடி மக்கள் சென்ற காலம் ஒன்று இருந்தது. மக்களைத் தேடித் திரை வந்து நிற்கும் காலம் இது. கொட்டகை வாசலில் காத்து நின்று, சீட்டு வாங்கி, இருளில் அமர்ந்து பார்த்தது அன்று. அலைபேசிக்குள் அடங்கி, சட்டைப் பையில் குடியேறி, உண்ணும்போதும் உறங்கப் போகும்போதும் உடன் வருவது இன்று. பனியன் கம்பெனியின் தேநீர் இடைவேளையிலும் திரை. விடுதி அறையில் விளக்கணைந்த பிறகும் திரை. வேலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேனிலும் திரை!

வீட்டுக்குள் நுழையும் விருந்தினரைக்கூட, யார், எந்த ஊர், என்ன சேதி என்று கேட்கிறோம். நாள்தோறும் நம் நெஞ்சுக்குள் நுழையும் இந்த விருந்தினரை மட்டும் ஒன்றும் கேளாமல் உள்ளே விடுகிறோம். இது பண்பா? அல்ல, தோழர்களே, அயர்வு!

நாம் திரைக்கலை வல்லுநர் அல்லோம். ஒளிப்பதிவின் நுட்பமும் படத்தொகுப்பின் கணக்கும் நமக்குத் தெரியா. பள்ளியில் பாடம் சொல்லிவிட்டு, விடுமுறை நாளில் நான்கு பேரோடு அமர்ந்து படம் பார்க்கும் கூட்டத்தில் நாமும் ஒருவர், அவ்வளவே. ஆனால் சோற்றின் பதம் காணச் சமையற்காரராக இருக்க வேண்டியதில்லை. ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். எந்தக் கதையிலும் ஒரு முடிச்சு விழுகிறது. ஏழையின் நிலம் பறிபோகிறது, பெண்ணின் படிப்பு தடைப்படுகிறது, குற்றமற்றவன் சிறைப்படுகிறான். அந்த முடிச்சை அவிழ்ப்பவர் யார்? ஆண்டவனா? அடித்து நொறுக்கும் தனியொரு வீரனா? அல்லது, அடிபட்டவரின் அறிவும் உழைப்பும் ஒற்றுமையுமா?

இந்த ஒரு கேள்வியோடு, அண்மை ஆண்டுகளில் நாம் பார்த்த சில படங்களையும் தொடர்களையும் அணுகுவோம்.

அன்றைய திரை

திரைப்படத்தைப் பற்றி நம் இயக்கத்தில் இரு பார்வைகள் இருந்தன. தந்தை பெரியார் அதை ஐயத்தோடே நோக்கினார். மக்களின் பொருளையும் பொழுதையும் கெடுப்பதாகக் கடிந்தார். அறிஞர் அண்ணாவோ அதைக் கருவியாகக் கைக்கொண்டார். 1949-இல் ‘வேலைக்காரி’யும் ‘நல்லதம்பி’யும் வந்தன. 1952-இல் கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடலோடு ‘பராசக்தி’ வந்தது. 1954-இல் எம். ஆர். ராதாவின் ‘இரத்தக்கண்ணீர்’ வந்தது.

‘பராசக்தி’ ஏன் அவ்வளவு பெரிய புயலைக் கிளப்பியது? தடை செய்க என்ற கூக்குரல் ஏன் எழுந்தது? அடுக்குமொழிக்காகவா? இல்லை. ஆதரவற்ற பெண்ணொருத்தி அடைக்கலம் தேடிக் கோயிலுக்குச் செல்கிறாள். அங்கேயே அவள் மானத்துக்கு ஊறு நேர வருகிறது. சிலை எழுந்து வரவில்லை. சூலம் பறந்து வரவில்லை. அவள் தப்புவது மனிதர் வந்ததால்தான். பிறகு நீதிமன்றக் கூண்டில் நின்று சமுதாயத்தையே குற்றவாளியாக்கிப் பேசுபவனும் மனிதன்தான். முடிச்சைப் போட்டது சமுதாயம். அவிழ்க்க வேண்டியதும் சமுதாயம் என்று படம் சொன்னது. அதைத்தான் பழமை பொறுக்கவில்லை.

அந்த அளவுகோலை இன்றைய திரைக்கு எடுத்து வருவோம்.

அம்மன் வந்தாள், அறிவு போனாள்!

2020 நவம்பரில் ‘மூக்குத்தி அம்மன்’ இணையத்தின் வழியே நேரடியாக வீடுகளுக்குள் வந்தது. ஆர். ஜே. பாலாஜியும் என். ஜே. சரவணனும் இயக்கிய படம். கதைநாயகனின் பெயரைக் கேட்டதும் நம் தோழர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பர்: எங்கெல்ஸ் இராமசாமி! பொதுவுடைமையும் தன்மானமும் ஒரே பெயரில் கைகோத்து நிற்கின்றன. ஆனால் அந்த இராமசாமி என்ன செய்கிறான்? குலதெய்வத்தைக் கும்பிடுகிறான், தெய்வமும் நயன்தாராவாக நேரில் தோன்றுகிறது. நிலத்தை வளைக்கும் போலிச் சாமியாரை அந்தத் தெய்வத்தின் துணையோடு அம்பலப்படுத்துகிறான்.

படத்தில் நகைச்சுவை உண்டு, நன்றாகவே உண்டு. ஆசிரமத்தின் பகட்டையும், பக்தியைச் சரக்காக்கி விற்கும் வணிகத்தையும் படம் கிண்டல் செய்யும் இடங்களில் நாமும் வாய்விட்டுச் சிரித்தோம். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு எஞ்சுவது என்ன? சாமியார் போலி, ஆகவே சாமி மெய்! தரகன் கெட்டவன், ஆகவே தரகன் விற்ற சரக்கு நல்லது! இது எந்த ஊர்க் கணக்கு? மருத்துவம் அறியாதவன் கொடுத்த போலி மருந்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றால், அதே மருந்தை அவனிடம் வாங்காமல் நாமே அரைத்துக் குடிக்கலாம் என்று பொருளா?

போலிச் சாமியாரைக் கண்டிப்பது இன்று எளிது. ஆத்திகரும் கண்டிக்கின்றனர், அரசும் கண்டிக்கிறது. ஆகவேதான் திரையுலகம் அந்த அளவோடு நின்றுகொள்கிறது. பகுத்தறிவாளரின் கைதட்டலும் வேண்டும். பக்தரின் காசும் வேண்டும். இரண்டு படகில் கால் வைக்கும் இந்தத் திறமையைக் கண்டு, “நம் கருத்தைப் படத்தில் சொல்லிவிட்டனர்” என்று நாம் மகிழ்ந்து போவதுதான் வேடிக்கை.

‘அரண்மனை’ வரிசைக்கு அந்தக் கூச்சமும் இல்லை. 2014-இல் தொடங்கி, 2016, 2021 என வளர்ந்து, 2024-இல் நான்காம் பாகம் வந்தது, வசூலிலும் வென்றது. பழைய மாளிகை, பழிவாங்கும் ஆவி, இறுதியில் தெய்வத்தின் ஆற்றலால் அடங்கும் தீமை. முதலிரண்டு பாகங்களில், பேயாக வருபவள் உயிரோடிருந்தபோது அநீதி இழைக்கப்பட்ட பெண் என்பதைக் கவனியுங்கள். உயிரோடிருந்தபோது அவளுக்குக் காவல்நிலையம் இல்லை, நீதிமன்றம் இல்லை, ஊரும் இல்லை. செத்த பிறகே அவளுக்கு வலிமை வருகிறதாம்! பெண்ணே, நீதி வேண்டுமா, முதலில் செத்துப் போ என்று சொல்லாமல் சொல்லும் கதைக்குக் குடும்பத்தோடு சென்று கைதட்டுகிறோம்.

அமாவாசை இரவில் ஆவி உலவும் என்று வகுப்பறையில் ஒரு சிறுவன் அடித்துச் சொல்கிறான் என்றால், அவனுக்குச் சான்று அளித்தது பாட்டி அல்லள். பாட்டிக்கு இன்று கதை சொல்ல நேரமில்லை. அவள் செக்கிங் மேசையில் நூல் வெட்டிக்கொண்டிருக்கிறாள். சான்று அளித்தது திரை.

பேய் ஓட்டப் போன பயணம்

இருளையே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? ஒளியும் உண்டு.

2024 ஆகஸ்டில் ‘கொட்டுக்காளி’ வந்தது. பி. எஸ். வினோத்ராஜின் படம். இவருடைய முதற்படமான ‘கூழாங்கல்’ 2021-இல் ரோட்டர்டாம் விழாவில் உயரிய பரிசைப் பெற்றது. ‘கொட்டுக்காளி’யின் கதை ஒரு வரியில் அடங்கும். தாழ்த்தப்பட்ட சாதி இளைஞனைக் காதலிக்கிறாள் மீனா. அவளுக்குப் ‘பேய் பிடித்திருக்கிறது’ என்று குடும்பம் முடிவு செய்கிறது. முறைமாமன் பாண்டியும் உறவினரும் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பூசாரியிடம் செல்கின்றனர். அந்தப் பயணமே படம்.

பின்னணி இசை இல்லை. மீனா பேசுவதும் அரிது. ஆனால் அந்த மௌனம் எத்தனை மேடைப் பேச்சுக்கு ஈடு! காதல் என்ற மனித உணர்ச்சி, சாதியின் அகராதியில் ‘பேய்’ என்று மொழிபெயர்க்கப்படுவதைப் படம் கண்முன் நிறுத்துகிறது. பலிக்கென்று கட்டிக் கொண்டுபோகும் சேவலும், நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகும் பெண்ணும் வேறு வேறு அல்லர் என்பதைச் சொல்ல ஒரு வசனமும் தேவைப்படவில்லை. வழியில் காளை ஒன்று பாதையை மறித்து நிற்கிறது. மீசை முறுக்கிய ஆடவர் அத்தனை பேரும் தயங்கி நிற்க, சிறுமி ஒருத்தி வந்து அதை ஓட்டிச் செல்கிறாள்.

இறுதியில், அந்தப் பூசாரி வேறொரு பெண்ணை நடத்தும் முறையைப் பாண்டி காண்கிறான். அவன் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது? படம் தீர்ப்புச் சொல்லவில்லை. முடிச்சை அவிழ்க்கவும் இல்லை. நம் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறது. “இது என்ன முடிவு?” என்று சலித்துக்கொண்டு எழுந்தவர் பலர். அவர்களுக்கு நாம் சொல்வோம்: ஆம், முடிவு இல்லைதான். நாட்டில் அந்த வழக்கம் முடிந்துவிட்டதா, படத்தில் முடிவதற்கு?

கொங்கு நாட்டில் வாழும் நாம் இதை எங்கோ நடக்கும் கதை என்று தள்ள முடியுமா? 2016 மார்ச் 13 அன்று, நம் திருப்பூர் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக்கு அருகே, சாதி மறுத்து மணந்த இளைஞர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையைக் கண்காணிப்புக் கருவி பதிவு செய்தது. அந்தப் பதிவு கைக்குக் கை, அலைபேசிக்கு அலைபேசி பறந்தது. அதையும் நாம் திரையில்தான் பார்த்தோம்! அன்று வெட்டியவர் சிலர். விலகி நின்றவர் பலர். பின்னர்ப் பார்த்தவர் எண்ணற்றவர். அந்தக் காட்சிக்குப் பின்னணி இசை இருக்கவில்லை. ‘கொட்டுக்காளி’யிலும் இல்லை. காரணம் புரிகிறதல்லவா?

அயலி: ஓர் எடுத்துக்காட்டு

2023 சனவரியில் இணையத் தொடராக வந்தது ‘அயலி’. முத்துக்குமார் இயக்கியது. புதுக்கோட்டைப் பக்கத்து வீரப்பண்ணை என்னும் கற்பனைச் சிற்றூர், காலம் 1990-கள். பருவமெய்திய பெண் பள்ளிக்குப் போகக் கூடாது. உடனே மணம் முடிக்க வேண்டும். மீறினால் அயலி அம்மன் சினங்கொண்டு ஊரை அழிப்பாள் என்பது ஊர்க்கட்டு. தமிழ்ச்செல்வி என்னும் சிறுமிக்கு மருத்துவராக ஆசை. அவள் பருவமெய்திய செய்தியை மறைக்கிறாள், படிக்கிறாள்.

இங்கே முடிச்சை அவிழ்ப்பது யார்? தெய்வம் கனவில் தோன்றி, “பெண்ணைப் படிக்க வை” என்று கட்டளையிடவில்லை. பட்டணத்திலிருந்து வீரன் ஒருவன் வந்து இறங்கவும் இல்லை. ஒரு சிறுமியின் பிடிவாதம். கட்டுக்குள் கிடந்த தாய் அவள் பக்கம் நகர்ந்து வரும் தயக்கமான துணிவு. பிறகு பெண்கள் ஒவ்வொருவராக விழித்துக்கொள்வது. அம்மன் அழிப்பாள் என்றனர், அழிக்கவில்லை. அச்சம் என்பது சோதித்துப் பார்க்கப்படாத வரையில்தான் அச்சம்! இதைவிடச் சிறந்த பகுத்தறிவுப் பாடம் வகுப்பறைக்கு ஏது?

குறையும் உண்டு. ஊர் ஆடவர் சிலர் கேலிச்சித்திரமாகிவிட்டனர். கொடுமை செய்பவரெல்லாம் கோமாளி என்று காட்டினால், நம் வீட்டில் பெட்டி பெட்டியாகப் புத்தகம் வாங்கிக் கொடுத்தபடியே மகளுக்கு மாப்பிள்ளை தேடும் நல்ல மனிதரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? ஆயினும் குறையைவிட நிறை பெரிது. பெண்கள் கூடும் இடமெல்லாம் இத்தொடர் காட்டப்பட வேண்டும் என்பது நம் கருத்து.

துன்பம் தீர்ந்தால் தொடர் தீரும்!

இனி, மாலைநேரத் தொடர்களுக்கு வருவோம். 2022-இல் தொடங்கி 2024 வரை ஓடியது திருச்செல்வம் இயக்கிய ‘எதிர்நீச்சல்’. பிறகு அதன் இரண்டாம் பாகமும் வந்தது. படித்த பெண்களைத் தேடித் தேடி மருமகளாக்கி, படிப்பைப் பரணில் போட்டு, அடுப்படியில் அடைக்கும் வீடு. அதன் தலைவன் ஆதி குணசேகரன். கரு அருமையானது! தமிழ்நாட்டில் பட்டம் பெற்ற பெண்கள் எத்தனை பேர், சட்டத்தில் மாட்டிய சான்றிதழைத் துடைத்துக்கொண்டே காலம் கழிக்கின்றனர்! அந்த வேதனையைத் தொட்டதால்தான் தொடர் வீடுதோறும் நுழைந்தது. குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று மறைந்தபோது, வில்லனாக நடித்தவருக்காக நாடு வருந்தியது. அவரது திறமை அத்தகையது.

ஆனால் இங்கே ஓர் இக்கட்டைக் காண்கிறோம். திரைப்படத்துக்கு இரண்டரை மணி நேரத்தில் முடிவு உண்டு. தொடருக்கு முடிவு என்பது இழப்பு. பெண்கள் வீட்டைவிட்டு வெளியேறி, வேலை தேடிக்கொண்டு, விடுதலை பெற்றுவிட்டால் மறுநாள் விளம்பரம் எங்கே? ஆகவே அவர்கள் திங்கட்கிழமை எழுவர், வெள்ளிக்கிழமை வீழ்வர், மீண்டும் திங்கள் எழுவர். அடிமைத்தனத்தைக் கண்டிக்கத் தொடங்கிய கதை, அடிமைத்தனம் நீடித்தால்தான் வாழ முடியும் என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. குணசேகரனின் அதட்டல், கண்டிக்கப்பட வேண்டியது, வீட்டுக் குழந்தைகள் நடித்துக் காட்டிச் சிரிக்கும் வேடிக்கையாகிவிட்டது. இது எழுத்தாளரின் குற்றம் மட்டும் அன்று. துன்பத்தை நாள்வாடகைக்கு விடும் வணிக முறையின் குற்றம்.

2023 அக்டோபரில் தொடங்கிய ‘சிங்கப்பெண்ணே’ நமக்கு இன்னும் நெருக்கமானது. சிற்றூரிலிருந்து குடும்பத்தைக் காக்க ஆயத்த ஆடை நிறுவனத்துக்கு வேலைக்கு வரும் ஆனந்தியின் கதை. திருப்பூரில் ஆனந்திகள் ஆயிரமாயிரம்! தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பெட்டியோடு வந்து இறங்கிய பெண்கள், தங்கள் கதையைக் காணப் போகிறோம் என்று ஆவலோடு அமர்ந்திருப்பர். ஆனால் கண்டது என்ன? நிறுவனத்தை நடத்தும் இளைஞனும் உடன் பணிபுரியும் இளைஞனும் அவள்மீது கொள்ளும் காதல், பொறாமைக்காரியின் சூழ்ச்சி, ஆள் மாறாட்டம்.

தையல் எந்திரம் இருக்கிறது. தையல் கூலி எங்கே? பீஸ் ரேட் எங்கே? ஒன்றரை சிப்டு எங்கே? சனிக்கிழமைச் சம்பளத்தை எண்ணி, கடைக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு, ஊருக்கு இவ்வளவு என்று பிரிக்கும் விரல்கள் எங்கே? வருங்கால வைப்புநிதி பிடித்தார்களா என்று அஞ்சி அஞ்சிக் கேட்கும் குரல் எங்கே? மூன்றாண்டு வேலை செய்தால் திருமணத்துக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டி, பஞ்சாலைகளில் இளம்பெண்களை அடைத்துவைத்த ‘சுமங்கலித் திட்ட’த்தை எந்தத் தொடராவது தொட்டதுண்டா? 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, நொய்யலின் நஞ்சும் தொழிலாளியின் வயிறும் ஒரே நேரத்தில் வழக்காடியதே, அதைவிடப் பெரிய திருப்பம் எந்தக் கதையில் உண்டு? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது, கடல் கடந்த ஒரு கையெழுத்து எங்கள் ஊர் ஓவர்லாக் எந்திரத்தை நடுங்க வைத்ததே, அது நாடகம் இல்லையா?

காதல் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. உழைக்கும் பெண்ணுக்கும் காதல் உண்டு. ஆனால் காதலைத் தவிர அவளுக்கு வேறொன்றுமே இல்லை என்பதுபோல் காட்டுவது, எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணைப் பொம்மையாக்குவது ஆகும்.

கூலி என்ற பெயரும், கூலி என்ற பொருளும்

2025 ஆகஸ்டு 14 அன்று ‘கூலி’ வந்தது. ரஜினிகாந்த் நடிக்க, லோகேஷ் கனகராஜ் இயக்கிய பெரும்படம். உழைப்பாளர் ஊரில் அந்தப் பெயருக்கு ஒரு தனி ஈர்ப்பு இருந்தது. படத்தில் துறைமுகம் உண்டு, தொழிலாளர் உண்டு. ஆனால் அவர்கள் கொல்லப்படுவதற்கும் காப்பாற்றப்படுவதற்குமே இருக்கின்றனர். கதைநாயகனின் கையசைப்புக்கு ஆயிரம் விளக்கு. கூலிக்காரனின் கேள்விக்கு ஒரு விளக்கும் இல்லை. பெயர்ப்பலகையில் கூலி, கல்லாப்பெட்டியில் முதலாளி!

அதற்கு ஓராண்டு முன், 2024 ஆகஸ்டில் வந்தது மாரி செல்வராஜின் ‘வாழை’. அதில் கூலி என்ற சொல்லுக்குப் பொருள் இருந்தது. பள்ளி விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கும் சிறுவன் சிவனணைந்தான். தாருக்கு ஒரு ரூபாய் என்பதை இரண்டாக்க வேண்டும் என்று உழைப்பாளர் கேட்டு நிற்கின்றனர், பெறுகின்றனர். கூட்டிக் கொடுத்த கூலியை வேறு வழியில் மிச்சம் பிடிக்க, தாரேற்றிய லாரியின் மேலேயே ஆட்களும் ஏற்றப்படுகின்றனர். லாரி கவிழ்கிறது. உயிர்கள் போகின்றன.

இங்கே விதி இல்லை, தோழர்களே! “கெட்ட நேரம்” என்று ஒதுக்க முடியாதபடி, சாவுக்கான காரணத்தைக் கணக்கெழுதிக் காட்டுகிறது படம். எந்த விபத்துச் செய்தியைப் படித்தாலும், வண்டியில் எத்தனை பேர், ஏன் அத்தனை பேர், மிச்சம் பிடித்த காசு யார் பையில் என்று கேட்கக் கற்றுக்கொடுக்கிறது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இன்னொன்றும் உறைக்கிறது. சிவனணைந்தானுக்குத் தன் ஆசிரியைமேல் அளவற்ற அன்பு, படிப்பில் முதல்வன். எனினும் விடுமுறை வந்தால் அவன் தோளில் ஏறுவது புத்தகப்பை அன்று. திங்கட்கிழமை வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைத் தட்டி எழுப்புமுன், ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கிருந்தான் என்று கேட்க வேண்டும் என்பதை இப்படம் ஆசிரியர்க்கெல்லாம் சொல்கிறது.

2021 நவம்பரில் வந்த ‘ஜெய் பீம்’ படத்தையும் இங்கே நினைக்க வேண்டும். 1990-களில் தென்னார்க்காட்டுப் பகுதியில் காவல்நிலையத்தில் ஒருவர் கொல்லப்பட்ட உண்மை நிகழ்ச்சியையும், பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு அதற்காக நடத்திய வழக்கையும் தழுவியது. அதில் முடிச்சை அவிழ்ப்பது ஆட்கொணர்வு மனு; பதிவேடு; சாட்சி; குறுக்கு விசாரணை. காசு தருகிறேன், வழக்கை விடு என்றபோது மறுத்து நிமிரும் செங்கேணி! நாம் எழுந்து நின்று வரவேற்ற படம். எனினும், நீதிமன்றத்துக்கு வெளியே அந்தக் குடும்பத்தோடு நின்று, போராடி, வழக்கை அதுவரை கொண்டுவந்து சேர்த்த தோழர்களின் பங்கு திரையில் சுருங்கிவிட்டது. கறுப்பு அங்கிக்குக் கிடைத்த வெளிச்சத்தில் கால்பங்காவது செங்கொடிக்கும் கிடைத்திருக்க வேண்டும். தனியொரு மாவீரனைத் தேடும் பழக்கம் நல்ல படத்தையும் விடவில்லை.

“களைத்தவனுக்குக் களிப்பு வேண்டாமா?”

இவ்வளவும் சொல்லும்போது ஒரு குரல் குறுக்கிடும். “பன்னிரண்டு மணி நேரம் எந்திரத்தோடு மல்லாடி வருபவன், படத்திலும் பாடம் படிக்க வேண்டுமா? கொஞ்சம் சிரிக்கட்டும், விடுங்கள்!”

நேர்மையான கேள்வி. களிப்பை நாம் வெறுக்கவில்லை. 2024-இல் வந்த ‘லப்பர் பந்து’ படத்தைப் பாருங்கள். தமிழரசன் பச்சமுத்து இயக்கியது. ஊர்க் கிரிக்கெட்டு, மாமன் மருமகன் வீம்பு, கணவன் பந்தாடும் களத்துக்குள் டிராக்டரை ஓட்டி வரும் மனைவி. கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே, திறமையுள்ள இளைஞனைச் சாதியால் அணியில் சேர்க்காத சூதும் வெட்டவெளிச்சமானது. பாடமும் உண்டு, களிப்பும் உண்டு. சிரிக்க வைத்துக்கொண்டே சிந்திக்க வைக்க முடியும் என்பதைக் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் எப்போதோ மெய்ப்பித்துச் சென்றார். ஆகவே, உழைப்பாளிக்குச் சிந்தனை சுமை என்பது உழைப்பாளி சொன்னதன்று. அவனுக்கு மட்டமான சரக்கை விற்பவர் சொன்னது.

நம் பக்கத்துப் பழக்கம் ஒன்றையும் திருத்திக்கொள்ள வேண்டும். கதைநாயகன் முதுகுக்குப் பின்னால் பெரியார் படம் தொங்கினால் கைதட்டுகிறோம். சாதிக்கெதிராக அரை நிமிட வசனம் வந்தால், அதை மட்டும் வெட்டி எடுத்து ஊரெங்கும் அனுப்புகிறோம். மீதி இரண்டு மணி நேரத்தில் அந்த நாயகன் பெண்ணை எப்படி நடத்தினான், எத்தனை பேரை வெட்டினான் என்பதைக் கேட்பதில்லை. சுவரில் படம் மாட்டுவது எளிது. கதையில் கொள்கையை மாட்டுவதுதான் அரிது. எளிதானதற்கே பரிசளித்துக்கொண்டிருந்தால், அரியதை எவர் செய்வர்?

பார்த்ததெல்லாம் மெய்யா?

இது வெறும் பொழுதுபோக்குச் சிக்கல் என்று எவரேனும் எண்ணினால், 2023 மார்ச் மாதத்தை அவருக்கு நினைவூட்டுவோம். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர், கொல்லப்படுகின்றனர் என்று பொய்க்காட்சிகள் அலைபேசிகளில் பரவின. வேறெங்கோ, வேறெதற்கோ நடந்த சண்டைகளின் படங்கள் திருப்பூரின் பெயரில் உலவின. உண்மை இல்லை என்று தமிழ்நாட்டுக் காவல்துறை மறுத்தது. பீகார் அரசின் குழு நேரில் வந்து விசாரித்தது. பொய் பரப்பியோர்மேல் வழக்குகள் பாய்ந்தன. ஆயினும் அதற்குள் அச்சம் தொழிலாளர் குடியிருப்புகளில் நுழைந்துவிட்டது. ஒரே எந்திர வரிசையில் அமர்ந்து ஒரே துணியைத் தைத்தவர்கள் ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்க்கும் நிலை வந்தது.

சிலநொடிக் காட்சி ஒரு தொழில்நகரையே கலங்க வைத்தது. எப்படி? காட்சியைக் கண்டவர், “இது எங்கே எடுத்தது? எப்போது எடுத்தது? யார் அனுப்பியது? அனுப்பியவருக்கு என்ன பயன்?” என்று கேட்கவில்லை. கண்ணால் கண்டது மெய் என்று நம்பினர். ஆவியைத் திரையில் கண்டு ஆவி உண்டு என்று நம்பும் பழக்கமும், வெட்டு ஒட்டுக் காட்சியைக் கண்டு அண்டை வீட்டுத் தொழிலாளியைப் பகைவன் என்று நம்பும் பழக்கமும் ஒரே வேரில் முளைத்தவை. அம்மன் படத்தில் தூங்கிய அறிவு, அவதூறுப் படத்தில் மட்டும் விழித்துக்கொள்ளுமா?

எனவேதான் சொல்கிறோம்: படம் பார்க்கும் முறையை மாற்றுவது இன்று பகுத்தறிவுப் பணி. நம் முன்னோர் தெருத்தெருவாகப் படிப்பகம் அமைத்தனர். ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்டனர், பிறகு வாதிட்டனர். ஏட்டுக்கு அன்று செய்ததைத் திரைக்கு இன்று செய்வோம். மாதம் ஒரு நாள், ஒரு தெருவில், ஒரு படம். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு அரைமணி நேரப் பேச்சு. தமிழ்த்தொழிலாளியும் வடபுலத்துத் தொழிலாளியும் சேர்ந்து அமரட்டும். பெண்கள் முதலில் பேசட்டும். கேள்விகள் மூன்று போதும். முடிச்சைப் போட்டது யார்? அவிழ்த்தது யார்? இந்த முடிச்சு நம் தெருவில் விழுந்தால் நாம் என்ன செய்வோம்?

மூன்றாவது கேள்விக்கு விடை தேடத் தொடங்கும் தெருவில், எந்தப் பெண்ணையும் பேய் பிடித்தவள் என்று ஆட்டோவில் ஏற்ற முடியாது. எந்தத் தொழிலாளியையும் பொய்ப்படம் காட்டி விரட்ட முடியாது. திரை எடுப்பவர் கையில் இல்லாத ஓர் ஆற்றல் பார்ப்பவர் கையில் இருக்கிறது. பார்ப்போம், தோழர்களே, கைதட்டுவோம், கண் கலங்குவோம், வயிறு குலுங்கச் சிரிப்போம். ஆனால், கேட்டுவிட்டு நம்புவோம்!